பச்சைக் காரின் நாலாவது சக்கரம்

பொம்மைக் காருங்களா? அந்த வேலைய உட்டுட்டனுங்க. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. நீங்க அந்த வீடியோவப் பார்த்துட்டு வந்திருப்பீங்க. வர்றவங்க எல்லாருமே அதைப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. திண்டுக்கல்லுல இருந்து ஒருத்தரு ஒரு சாக்குப்பை நிறையக் கொண்டாந்தாரு. இல்லீங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சாச்சு. நீங்களும் கோவிச்சுக்காதீங்க. வெயில்ல வந்திருக்கீங்க, சித்தெ உக்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போங்க.

இன்னைக்கு அமாவாசை, பட்டறை லீவுங்க. எங்க பக்கம் டிங்கரிங்கு, பெயிண்டிங்கு, லேத்து எல்லாமே அமாவாசைக்கு லீவுதான். நான் மட்டும் வருவன். சும்மா வந்து கூட்டிப் பெருக்கி வெச்சுட்டுப் போவன். வீட்டுல இருந்தா சம்சாரம் ஏதாச்சும் வேலை சொல்லுவா, அதுக்குப் பயந்துக்கிட்டு வர்றன்னு வெச்சுக்கங்களேன்.

எங்க, அதைக் காட்டுங்க. பார்க்கிறதுக்கு என்ன வந்துச்சு.

அம்பாசிடரு. நல்ல வார்ப்புங்க. இதுவும் மண்ணுக்குள்ள இருந்ததுதானே? பார்த்தாலே தெரியுது. பழைய வீட்டை இடிக்கறப்ப வாசப்படிக்கு அடியில கெடைச்சுதா, சரி. இந்த வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்குது பாருங்க, இதைத் துருன்னு நெனைப்பாங்க. துரு இல்லீங்க. துருப் பிடிக்கறதெல்லாம் அச்சும் அடித்தகரமும்தான். மேல இருக்கற வார்ப்பை மண்ணு இப்படித்தான் மாவாத் தின்னும். டீசல்ல ஒரு வாரம் ஊறப்போட்டு, பல்லு வெளக்கற பிரஷ்ஷுல தேய்ச்சு, அடியில இருக்கற ரிவிட்டை டிரில்லுல எடுத்து, மேலயும் கீழயும் தனித்தனியாப் பிரிச்சு, ரிமூவர் போட்டு, உப்புத்தாள்ல அடி உலோகம் பளிச்சுன்னு தெரியறவரைக்கும் தேய்க்கணும். மிச்சம் ஒரு பொட்டுப் பழைய பெயிண்டு இருக்கக்கூடாது. அதுமேலதான் பிரைமர். என்ற குருநாதர் தாராபுரத்துல எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது ஒண்ணுதாங்க. பழசு மேல புதுசு அடிக்காதேன்னாரு. இருபத்தாறு வருசமா டூக்கோ பெயிண்டு அடிக்கறன், சென்னியப்பன் அடிச்ச பெயிண்டு உரிஞ்சுதுன்னு காங்கேயத்துல இருந்து தாராபுரம் வரைக்கும் எவனும் சொல்லமாட்டான். விசாரிச்சுப் பாருங்க.

ஏன் உட்டீங்கன்னு கேக்கறீங்க. சொல்றனுங்க. நீங்க வெளியூரு, உங்ககிட்டச் சொன்னா என்ன.

மூணு வருசத்துக்கு முன்னால இந்த எடத்தை வாங்கினன். சோளக்காடுங்க இது. சுத்தியும் கிளுவை வேலி, அந்தப் பக்கம் வண்டி போற இட்டேரி, வேலியோரத்துல ஒரு வேப்பமரம். வித்தவரு திருப்பூருல குடியிருக்கறாரு. நல்லபடியாக் கிரயம் ஆச்சு. ஷெட்டு போடறதுக்கு முந்தி சர்வீஸ் குழி எடுத்தரலாம்னு ஜேசிபி கொண்டாந்தன். அதா, அங்க பொலிரோ நிக்குது பாருங்க, அதுக்குக் கீழதான் குழி. நாலடிக்குப் போனதும் பக்கெட்டு மண்ணோட ஒரு அலுமினியச் சோத்துப் போசியைத் தூக்கிட்டு வந்துச்சு. நசுங்கிப்போச்சு. அதுக்குள்ள இருந்து பொலபொலன்னு கொட்டுச்சுங்க காரு. ஏழு காரு. கையில எடுத்து மண்ணைத் தட்டினன், எனக்குச் சின்ன வயசுல ஒண்ணுகூட இருந்ததில்லைங்க. ஒரு சைக்கிள் டயரை ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சவன் நானு. புதையல் கெடைச்சவனாட்டம் வேட்டியில கட்டிக்கிட்டன்.

வேற ஒண்ணும் இல்லீங்க. காரு மட்டும்தான்.

அப்பறம் மூணு வாரம், வேலை முடிஞ்சதும் பொழுதோட அதைத்தான் வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பன். சம்சாரம் சரசா வந்து பார்த்துட்டு, இது யாரோ ஒரு பிள்ளை வெளையாண்டதாட்டம் இருக்குது, இருக்கற மாதிரியே கழுவி வெச்சுருங்கன்னா. அவளுக்கு என்ன தெரியும். இருக்கற மாதிரியே வெக்கறதுக்கு நான் எதுக்கு? ஒரு பச்சைக் காரு, அதோட கூரையில சின்னச் சின்னதாக் குழி. பல்லுத்தடம். கடிச்சிருக்கான். பட்டி போட்டு அடைச்சு, தேய்ச்சு, தடவினாத் தெரியாத மாதிரி ஆக்கிட்டன். அதே காருல ஒரு சக்கரம் இல்லை. அதுக்குப் பதிலு எவனோ ஒரு சட்டைப் பொத்தானைக் கம்பியில கோத்து முறுக்கி உட்டிருந்தான். நாலு ஓட்டைப் பொத்தான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, என்னடா அரைகுறை ரிப்பேருன்னு. குறடுல புடுங்கி நட்டு போல்ட்டு டப்பாவுல போட்டுட்டு, நைலான்ல ஒரு சக்கரம் லேத்துல கடைஞ்சு, சைக்கிள் ஸ்போக்கை வெட்டி அச்சு வெச்சன். சும்மா தள்ளினாப் பட்டறை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடும்.

மேல ரெண்டு கோட்டு கிளியர், பெயிண்டு மங்காம இருக்கறதுக்கு. காருக்கு அடிக்கற அதே கிளியர்தாங்க, பொம்மைன்னு குறைச்சு அடிக்கலை.

பட்டறை தொறந்தப்ப முன்னால கண்ணாடிப் பெட்டி வெச்சு அதுல அடுக்கினன். வந்தவங்க வண்டியப் பார்க்கறதை உட்டுட்டு அதைத்தான் பார்த்தாங்க. ஒரு புள்ள போன்ல படம் புடிச்சு, மண்ணுக்குள்ள கெடைச்ச காரு மறுபடி புதுசாச்சுன்னு போட்டு உட்டுருச்சு. கெரகம் அங்கதான் புடிச்சுதுங்க. லட்சம் பேரு பார்த்தாங்க. அந்த லட்சத்துல வெள்ளகோயில்ல ஒரு அம்மாவும் பார்த்திருக்குது, பக்கத்து வீட்டுப் போன்ல.

போன வருசம் தை அமாவாசை. இதே மாதிரி நான் கூட்டிக்கிட்டு இருக்கறன். பஸ்ஸை உட்டு எறங்கி, ஒயர்க் கூடை ஒண்ணு கையில வெச்சுக்கிட்டு, வாசல்லயே நின்னாங்க. அறுபது வயசு இருக்கும். பேரு துளசிமணிங்களாம். இந்த எடத்தை எனக்கு வித்தாரே, அவரோட அண்ணன் சம்சாரம். அவங்க வீட்டுக்காரரு லாரி டிரைவரு, பொன்னுரங்கம். ஆறு வருசத்துக்கு முன்னால தவறிட்டாரு. உள்ள வாங்கன்னன். கண்ணாடிப் பெட்டி முன்னால போயி நின்னவங்க ஒவ்வொண்ணா எண்ணினாங்க. ஏழுன்னாங்க.

அவங்களுக்கு ஒரே பையனுங்க. மூர்த்தின்னு பேரு. அஞ்சு வயசுல மஞ்சக்காமாலை வந்து, நாலே நாளு, போயிட்டான். முப்பத்தி மூணு வருசம் ஆச்சு. அவங்கப்பா பம்பாய்க்கு லோடு ஏத்திட்டுப் போயி வர்றப்பவெல்லாம் ஒரு காரு வாங்கிட்டு வருவாராம். ஏழு தடவை போனாரு, ஏழு காரு. பையன் போனதும், அவன் அதை உட்டுட்டு இருக்கமாட்டான்னு சொல்லி, அவன் சோறு திங்கற போசியிலயே போட்டுக் கூடவே வெச்சுட்டாங்க. சின்னப் பிள்ளைங்களை எரிக்கறதில்லீங்களே, புதைக்கறதுதானே. சொந்தக் காட்டுலயே, அண்ணனும் தம்பியுமாக் கொண்டுபோயி வெச்சுட்டு வந்தாங்களாம். பொம்பளைங்க கூடப் போகக்கூடாது. கல்லு நடலை. எந்த எடம்னு அந்தம்மாகிட்டச் சொல்லவும் இல்லை. சொன்னா நீ அங்கியே போயி உக்காந்துக்குவேன்னுட்டாராம் அவரு. மேல சோளமும் வெதைச்சாச்சு. உழவு ஓட்டறப்ப ஒரே ஒரு எடத்துல மட்டும் ஏரைத் தூக்கிக்குவாராம். தூரத்துல நின்னு பார்ப்பனுங்க தம்பி, ஆனா எடம் புடிபடாதுங்கன்னாங்க. அவரும் போயிட்டாரு. தம்பிக்காரரு எடத்தை வித்ததுக்குப் பொறவு கேட்டா, அந்த மூலையில எங்கியோதான், ஞாபகமில்லைங்கறாரு. ஞாபகம் இல்லாமயா இருக்கும்? சொன்னா எடம் வெலை போகாது. அப்படிப்பட்ட ஆளுங்க அவரு. மனசாட்சி இல்லாத மனுசன்.

அப்பத்தான் அந்தம்மா என்னை ஒரு கேள்வி கேட்டாங்க.

"தம்பி, இதை எங்க தோண்டுனீங்க?"

பொலிரோ அன்னைக்கும் அங்கதான் நின்னுச்சு, வேற பொலிரோ. குழியிலதான் கிரீசு, ஆயிலு எல்லாம். என்னத்தைக் காட்டுவன்? அவங்களே சொன்னாங்க.

"எம் பையன் காரு இப்படி மினுக்காதுங்க. பச்சைக் காருக்கு ஒரு சக்கரம் இருக்காது. அவங்கப்பா சட்டைப் பொத்தானைக் கோத்துக் கொடுத்தாரு. அது இருந்தா எனக்குத் தெரிஞ்சுரும்."

பச்சைக் காரை எடுத்துக் கையில கொடுத்தன். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. நாலு சக்கரமும் இருக்குது. கூரையை வெரல்ல தடவினாங்க. வழவழன்னு இருக்குது. அந்தப் பொத்தான் எங்க இருந்துச்சுன்னா, நான் சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தனே, அந்த மேசை மேல டப்பாவுல. என்ற முழங்கை அதுமேல பட்டுக்கிட்டு இருந்துச்சு.

நான் சொன்னனுங்க, "இது தாராபுரத்துல பழைய இரும்புக் கடையில வாங்குனதுங்க்கா. மண்ணுக்குள்ள கெடைச்சுதுன்னு அந்தப் புள்ள சும்மா போட்டு உட்டுருச்சு."

சொல்லலாமா இப்படின்னு பார்க்கறீங்க. வேற என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க? தொழில் பண்ற எடம். இதுக்குக் கீழ ஒரு பிள்ளை கெடக்குதுன்னு தெரிஞ்சா எவன் வண்டியக் கொண்டாந்து நிறுத்துவான்? அதுவும் போகட்டும். எங்கேன்னு காட்டறது? அன்னைக்கு எடுத்த மண்ணை டிப்பருல ஏத்தி பைபாஸ் ரோட்டுக்குப் பள்ளம் மேவறதுக்கு அனுப்பிச்சாச்சு. ரெண்டு லோடு. அதுல மக்கிப்போன துணி மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அது உண்மைதான். காருன்னா காரு மட்டுமா இருக்கும், துணியும் இருக்கும். ஜேசிபிக்காரன் மயில்சாமி வண்டிய நிறுத்திட்டு, அண்ணா, வெள்ளையா என்னமோ கெடக்குதுன்னான். ஆட்டெலும்பா இருக்கும், ஓட்றான்னன். நான்தான் சொன்னன். குனிஞ்சு பார்க்கலைங்க நானு. பார்த்திருந்தாத்தானே தப்பு. காரைப் பொறுக்கறதுலயே என்ற கண்ணு இருந்துருச்சு.

இப்ப பைபாஸ்ல போறதில்லீங்க நான். ஊருக்குள்ள புகுந்து சுத்தித்தான் போவன். அந்தப் பக்கம் தூசி அதிகம், இருமலு வந்துருது. குழிக்குள்ளயும் நான் எறங்கறதில்லை. முட்டி வலி.

அந்தம்மா காரைத் திருப்பிக் கொடுத்துட்டு, அப்படீன்னா எம் பையனை யாரும் தொடலைங்களான்னாங்க. இல்லீங்கன்னன். மொகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு பாருங்க, அதைப் பார்த்ததும், ஒரு பொய்யி சொன்னாலும் நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கோம்னு தோணுச்சு. கூடையில ஒரு சொம்புப் பாலும் ஒரு பாக்கெட்டு பிஸ்கட்டும் கொண்டாந்திருந்தாங்க. வேலியோரமாப் போயி ஊத்திட்டுப் போகட்டுமான்னு கேட்டாங்க. தாராளமா ஊத்துங்கக்கான்னன். அதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சன்.

முடியலீங்களே. மாசி அமாவாசைக்கு வந்தாங்க. பங்குனிக்கு வந்தாங்க. ஒண்ணு தவறலை, போன மாசத்தோட பதிமூணு. பட்டறை தொறந்திருக்கற நாள்ல வந்து எனக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாதுன்னு லீவு நாளாப் பார்த்து வர்றாங்களாம். வந்து அந்தப் பாலை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல ஊத்தறாங்க. ஒருக்கா வேப்பமரத்துக்கிட்ட, ஒருக்கா கேட்டுக்கு வெளிய, ஒருக்கா காம்பவுண்டு மூலையில. எனக்குத் தாங்கலைங்க, கேட்டுட்டன். ஏனுங்க்கா, ஒரு எடமா வெச்சு ஊத்துனா ஆகாதான்னு. அதுக்கு அவங்க சொன்னது இன்னும் காதுக்குள்ளயே இருக்குதுங்க.

"மாத்தி மாத்தி ஊத்துனா, ஒரு தடவையாச்சும் அவம் மேல படுமுங்களே தம்பி."

அன்னைக்கு வீட்டுக்குப் போயி சரசாகிட்டச் சொன்னன். அவ எந்திரிச்சுப் போயி மொகம் கழுவிட்டு வந்து, நாளைக்கே போயி அந்தக்காகிட்டச் சொல்லிருங்கன்னா. பொம்பளைங்களுக்கு எல்லாம் சுலுவுங்க. அதுக்கப்பறம் அவ இந்தப் பட்டறைக்குள்ள கால் வெக்கறதில்லை. என்கிட்டயும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. நான் என்னமோ கொலை பண்ணுனாப்பல.

நானும் சும்மா இருக்கலைங்க. ரோசனை பண்ணுனன். அந்தம்மாவுக்கு வேணுங்கறது என்ன? ஒரு எடம். இதுதான் எடம்னு ஒண்ணு கெடைச்சா அங்க உக்காந்து அழுதுட்டு, ஆத்திக்கிட்டுப் போயிருவாங்க. அந்த எடத்தை நான் கொடுத்துட்டாப் போச்சு. பச்சைக் காரை எடுத்தன். நான் கடைஞ்சு போட்ட சக்கரத்தைப் புடுங்கிட்டு, டப்பாவக் கொட்டிப் பொத்தானைத் தேடி எடுத்து, பழைய மாதிரியே கம்பியில கோத்து முறுக்கினன். ஆடி மாசம் வேப்பமரத்தடியில ரெண்டடி வெட்டிப் பொதைச்சுட்டன். நாலஞ்சு மாசம் மண்ணுல கெடந்து பழசாகட்டும். அப்பறம் ஒரு அமாவாசைக்கு அவங்க வர்றப்ப, அக்கா, மரத்துக்குத் தண்ணிப் பாத்தி வெட்டுனன், இது கெடைச்சுதுங்கன்னு கையில கொடுத்தரலாம். பெட்டியில இருந்த பச்சைக் காரு எங்கேன்னா, அதை வித்தாச்சுன்னு சொல்லிக்கலாம். நல்ல ரோசனைதானுங்களே? யாருக்கும் நட்டமில்லை.

ஒவ்வொரு அமாவாசைக்கும் அவங்க வர்றதுக்கு முந்தி வந்து தோண்டிப் பார்க்கறன். கூட்டிப் பெருக்கறன்னு சொன்னனே, இதுக்குத்தான் வர்றது. ஐப்பசி மழை பூராவும் குடிச்சுது. உப்புத்தண்ணி ஊத்திப் பார்த்தன். புளியக் கரைச்சு ஊத்திப் பார்த்தன். பேட்டரி ஆசிட்டுகூடத் தெளிச்சன். இன்னைக்குக் காலையிலயும் எடுத்தன். இந்தாங்க, நீங்களே பாருங்க.

எப்படி இருக்குது? மண்ணைத் தொடைச்சுப் பாருங்க, பரவால்லை. உங்க மொகம் தெரியுதா அதுல? தெரியும். ஷோரூம் வண்டியாட்டம் இருக்குது. பொத்தான் மட்டும் கறுத்துப்போச்சு, கம்பி துரு ஏறிப்போச்சு. காரு அப்படியே இருக்குது. என்ற பெயிண்டு அப்படிங்க. பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாத்துக்கும் சொல்லித்தான் அடிக்கறன். ரிமூவர் போட்டு எடுத்தரலாமேன்னு கேப்பீங்க. எடுத்தா உள்ள வெள்ளையா உலோகம்தான் வரும். மண்ணு தின்ன காரு வருமா? அந்தப் பல்லுத்தடம் வருமா? பட்டிய நோண்டிப் பார்த்தன், உள்ள ஒண்ணுமில்லை. பட்டி புடிக்கணும்னு முன்னாலயே நல்லாத் தேய்ச்சுட்டன் நான். அந்தப் பிள்ளை கடிச்ச எடத்தை நான்தான் தேய்ச்சு எடுத்திருக்கறன்.

ஏதாச்சும் சொல்லுங்க.

அந்தம்மாவுக்கு இப்பெல்லாம் ஒடம்பு முடியறதில்லைங்க. போன தடவை பஸ்ஸுல இருந்து எறங்கறப்ப கண்டக்டர் கையப் புடிச்சுத்தான் எறக்கி உட்டாரு. இன்னும் எத்தனை அமாவாசைக்கு வருவாங்களோ. இது பழசாகறதுக்குள்ள அவங்க போயிருவாங்களோன்னு எனக்குப் பயமா இருக்குதுங்க. நெசமாலுமே பயமா இருக்குது.

உங்க காரை இப்படிக் கொடுங்க. அடியில என்னமோ கீறியிருக்குதே, ஊசியில கீறுனாப்பல. பேருங்களா? உங்க பேரா?

அண்ணன் பேரா. அவரு எங்க இருக்கறாரு?

சரி. சரிங்க. சொல்ல வேண்டாம்.

அப்படீன்னா இதைப் பையில வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போங்க. வேற எவன்கிட்டயும் கொடுக்காதீங்க. நல்லாப் பண்ணித் தர்றன்னு சொல்லுவான், நல்லாத்தான் பண்ணுவான். டீசல்ல போடாதீங்க. தண்ணியில கழுவக்கூடச் செய்யாதீங்க. அந்த மண்ணு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

சத்தம் கேக்குதா? பதினொண்ணேகால் பஸ்ஸு. அதா நிக்குது பாருங்க. அந்தப் பச்சைக் காரை இப்படிக் கொடுத்துருங்க, கல்லாப்பெட்டிக்குள்ள போட்டுக்கறன். உங்க காரையும் பையில போடுங்க, சீக்கிரம். அவங்க கண்ணுல பட்டா எங்க கெடைச்சுது, எப்படிக் கெடைச்சுதுன்னு கேட்டுக்கிட்டே நிப்பாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், நான் பேசிக்கறன்.

வாங்கக்கா, வாங்க. பார்த்து, அந்த ஓஸ் பைப்பு தட்டிரும். இவருங்களா? இவரு வண்டிக்குப் பெயிண்டு அடிக்கறதுக்கு வெலை கேக்க வந்தவருங்க்கா, ஒரமொறை, சொந்தமெல்லாம் இல்லை. மண்ணுங்களா? ஆமாங்க்கா, மரத்தடியில நான்தான் கொத்தி உட்டிருக்கறன், பாத்தி கட்டலாம்னு. இல்லீங்க்கா. நல்லாப் பார்த்தனுங்க. ஒண்ணும் கெடைக்கலீங்க. இன்னைக்கு அங்கியே ஊத்திருங்கக்கா, மண்ணு பொதுபொதுன்னு இருக்குது, பாலு நல்லா எறங்கும். கூடையக் கொடுங்க, நான் கொண்டாறன்.